பள்ளத்துக்குப் பச்சை பூசிய விவரம்

அன்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும், உங்கள் புண்ணியத்தால் இன்றைக்கு வார்டு உறுப்பினருமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால், அக்காவின் இருமல், கடையில் புதிதாக இறக்கிய டைல்ஸ் எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். கையில் டைல்ஸ் ஏதாவது இருந்தால் முதலில் கீழே வைத்துவிடவும்.

நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற நகராட்சிப் பள்ளத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அதை வணிக இடம் என்று மாற்றிவிட்டால் குத்தகைக்கு எடுத்து, மண் கொட்டி மேடாக்கி, டைல்ஸ் கிடங்கு கட்டலாம் என்று நீங்கள் ஆசைப்பட்டதும், “அதெல்லாம் பாத்துக்கலாம் மச்சான்” என்று நான் மார் தட்டியதும், அதை நம்பி நீங்கள் வீடு வீடாகப் படியேறி எனக்கு ஓட்டுக் கேட்டதும் எதுவும் மறக்கவில்லை. அந்த வேலையை முடிக்கத்தான் பயிற்சிக்கே போனேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

புதிதாக ஜெயித்த எங்கள் எல்லோரையும் நகராட்சி மாடி ஹாலில் அடைத்து, எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம், எங்கே ஆலை வரலாம் என்று பாடம் எடுக்க ஓர் அம்மாவை அனுப்பியிருந்தார்கள். நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும். வாசலில் நெரிசல். நான் பழக்கதோஷத்தில், “படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள காலியாத்தான் இருக்கு” என்று ஒரு சத்தம் போட்டேன், அந்த அம்மாவே இரண்டடி உள்ளே போய்விட்டார். அதோடு போச்சா? எங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் செட்பேக் என்பதை எந்தப் புண்ணியவானோ ‘பின்னடைவு’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறான். ‘ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு பக்கமும் போதிய பின்னடைவு ஏற்பட வேண்டும்’ என்று படித்ததும், பக்கத்து வார்டில் ஜெயித்த பால்காரர் எழுந்துவிட்டார். தொண்டையைப் பார்த்து ஊரே ‘மைக்செட்’ என்று பேர் வைத்த ஆள். “ஏம்மா, ஜெயிச்சு வந்து முழுசா உக்காரல, அதுக்குள்ள ஜனங்க வீட்டுக்கெல்லாம் பின்னடைவு கொண்டாந்தா, அடுத்த தடவ எனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?” அது வீட்டைச் சுற்றி விடுகிற காலி இடம்தான் என்று புரியவைப்பதற்குள் அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அப்புறம் ஒரு தட்டில் ஊரைச் செய்து காட்டினார். வீட்டுக்குத் தீப்பெட்டி, பள்ளத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு. ஒரு ஜக்கு தண்ணீர் ஊற்றினார். ஸ்பாஞ்சு குடித்துக்கொண்டது, ஒரு தீப்பெட்டி நனையவில்லை. “இந்தப் பள்ளத்துல ஒரு கட்டடம் கட்டலாமா சார்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சட்டென்று உங்க முகம் வந்துச்சு மச்சான். “தாராளமா கட்டலாம்மா” என்று ஸ்பாஞ்சைப் பிடுங்கிவிட்டு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அங்கே வைத்தேன். ஊத்தினாங்க பாருங்க மறுபடியும்! தீப்பெட்டி எல்லாம் மிதந்து, தட்டு வழிஞ்சு, அத்தனை தண்ணியும் என் மடியில. “அண்ணே, வீட்டுக்குப் போய் வேட்டிய மாத்திட்டு வாங்க!” என்றார் மைக்செட். கீழே வரி கட்ட நின்றவர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு இன்றைக்கும் என்னை அனுதாபமாகப் பார்க்கிறார்கள்.

கடைசியாக அவரவர் வார்டு வரைபடத்தையும் ஒரு டப்பா கலர் பென்சிலையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, திறந்தவெளிக்குப் பச்சை. என் கண்ணோட லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுதான். கல்யாணத்தன்று ஒரு காலில் சிவப்பும் மறு காலில் பச்சையுமாகக் காலுறை போட்டு வந்து நின்றதை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். பக்கத்தில் கேட்கலாமென்றால் மைக்செட் ஊருக்கே ஒலிபரப்பிவிடுவார். கடவுள் விட்ட வழி என்று ஒரு பென்சிலை எடுத்து, பள்ளத்தை மூலை விடாமல் பூசிக் கொடுத்தேன். அந்த அம்மா அதைச் சுவரில் மாட்டிவிட்டுக் கை தட்டுகிறார். “பாருங்க, சார் ஒருத்தர்தான் பள்ளத்தப் பள்ளமாவே விட்டிருக்கார்!” அப்போதுதான் தெரிந்தது, என் கையில் வந்தது பச்சை என்று. போகட்டும், பயிற்சிதானே, குப்பைக்குப் போகும் என்று மனதைத் தேற்றினால், தலைவர் அந்த வரைபடங்களையே ஊர்த் திட்டமாக மன்றத்தில் வைத்துக் கை தூக்கச் சொல்லிவிட்டார். எல்லார் கையும் மேல போச்சு. என் கை மட்டும் கீழ இருந்தா நல்லாவா இருக்கும்? தூக்கிட்டேன். இனி அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது.

தப்பு என் கண்ணோடது மச்சான், மனசோடது இல்ல. திட்ட வேண்டுமென்றால் இரண்டு கண்ணையும் தாராளமாகத் திட்டுங்கள், ஆளை விட்டுவிடுங்கள். சந்தை ரோட்டு மேட்டில் காலி இடம் ஒன்று வரைபடத்தில் சிவப்பாக இருக்கிறதாம், உங்கள் தங்கை பார்த்துச் சொன்னாள். எல்லோரையும் போல அதற்கு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். “எங்க அண்ணனுக்கே பொய்யா?” என்று முறைக்கிறாள். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு பென்சிலிலும் அதன் நிறத்தின் பேர் அச்சடித்திருந்தது. அத்தனை வருஷமும் பஸ்ஸில் நான் டிக்கெட்டை நிறம் பார்த்தா கிழித்தேன்? எழுத்தைப் படித்துத்தான் கிழித்தேன். ‘பச்சை’ என்று இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பூசினேன். போன மழையில், பள்ளம் இருக்கும்போதே தண்ணீர் எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது. உங்கள் தங்கை அடுப்பை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். வாளியோடு முதலில் ஓடி வந்தது நீங்கள்தான். வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதும் அன்றைக்குத்தான். அந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கியது இந்தக் கைதான் மச்சான், மறுபடியும் பிடுங்க மனசு வரல. அடுத்த மழைக்கு வாளி எடுக்காம, கைய வீசிக்கிட்டு விருந்தாளியா வாங்க.