விலாசம் மாறிய பிட்காயின்

இந்த வீட்டில் ஒரு முடிவையாவது நான் தனியாக எடுப்பது என்று தீர்மானித்தேன். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வந்த தீர்மானம். கொஞ்சம் தாமதம்தான்.

பழைய மோட்டார் பைக் ஒன்று வாங்குவது என்பதுதான் முடிவு. என் மெக்கானிக் நண்பன் தன் வண்டியை விற்கிறான். விலையைப் பிட்காயினாகவே கொடு என்றான். இருந்தது. மலிவாகக் கிடைத்த காலத்தில் நானும் மனைவியும் சேர்ந்து வாங்கி ஃபோனில் போட்டு வைத்தது. அதை விற்று எனக்குக் காது மெஷின் வாங்கலாம் என்று அவள் வெகுநாளாகச் சொல்கிறாள். என் காதில் விழவில்லை.

நிஜமாகவே விழவில்லை. நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். போன மாதம் ஒரு வீட்டில் கம்ப்ரஸர் செத்துவிட்டது என்று சொல்லிக் கழற்றவே ஆரம்பித்துவிட்டேன். "அது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்று அந்த வீட்டம்மா கத்தினார். கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. இதை வீட்டில் சொல்லவில்லை.

காசை ரகசியமாக அனுப்பினேன். ஃபீஸ் எவ்வளவு என்று ஃபோன் கேட்டது. இருப்பதிலேயே குறைந்ததைத் தொட்டேன். காசு கிளம்பவே இல்லை. மறுநாள் காலையில் நண்பன் கூப்பிட்டான். எனக்கு எல்லா அழைப்பும் ஸ்பீக்கரில்தான்.

"என்னடா, பைக்குக்குக் காசு அனுப்பிட்டேன்னியே, இன்னும் வரலையே!"

தெருவுக்கே கேட்டது. கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்த பைக்கு?"

"சும்மா... பழசு."

"பின்னால லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா உங்களுக்குக் கேக்குமா?"

"ஏன் கேக்காது?"

அவள் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையை நீட்டினாள். ஃபோனைக் கொடுத்தேன்.

"ஃபீஸை ஏத்தணும்."

எழுந்துபோய் ஃபேனை ஏற்றினேன்.

"ஃபேன் இல்லைங்க, ஃபீஸு!" என்று கத்தினாள். "எங்க ஆபீஸ் பார்சல் மாதிரிதான். கம்மியா கட்டினா மூலையில கிடக்கும். கூடக் கட்டினா முதல் வண்டியில ஏறும்."

"அப்ப ஏத்து!"

ஃபேன் இரைந்தது. ஃபோனைப் பார்த்தபடி அவள் நீளமாக ஏதோ சொன்னாள். கடைசியில் "சரியா?" மட்டும் கேட்டது.

"சரி, சரி" என்றேன்.

சாயங்காலம் பார்த்தால், காசு போய்ச் சேர்ந்துவிட்டதாக ஃபோன் காட்டியது. பெருமையாக நண்பனைக் கூப்பிட்டேன்.

"எங்கடா சேர்ந்தது? இங்க ஒண்ணும் வரல!"

செருப்பைக் கழற்றியபடியே மனைவி சொன்னாள்: "அவருக்கு ஏன் வரும்? வண்டி ஏறாத பார்சல்ல விலாசத்தையும் மாத்தி ஒட்டலாம். என் கணக்குக்குத் திருப்பிட்டேன். நாளைக்கு உங்க காதுக்கு அளவெடுக்கிறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டேனே! 'ஃபீஸை ஏத்துறேன், விலாசத்தையும் மாத்துறேன், பைக் வேண்டாம், காது மெஷின் வாங்கலாம், சரியா'ன்னு கேட்டேன். சரி சரின்னு தலையாட்டினீங்க."

கேட்டது என்றால் நான் சம்மதித்தவன். கேட்கவில்லை என்றால் மெஷின் தேவைப்படுகிறவன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் காதருகே குனிந்தாள்.

"அந்த கம்ப்ரஸர் வீட்டம்மா எங்க ஆபீசுக்கு வந்தாங்க. எல்லாம் சொன்னாங்க. என்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

அது தெளிவாகக் கேட்டது.

பைக்கை வேறு யாரோ வாங்கிப்போனார்கள். மெஷின் வந்தது. மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. சமையலறையில் அவள் வளையல் சத்தம் கேட்டது. எத்தனை காலமாயிற்று! அப்படியே நின்றேன்.

அந்தப் பக்கம் திரும்பி நின்றபடியே, மிக மிக மெதுவாக, அவள் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள்:

"யாராவது அந்தக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினா நல்லாயிருக்கும்."

கேட்டுத் தொலைத்துவிட்டது.