ஆரஞ்சு டப்பா முசியே

மனுஷனை மனுஷன் எதை எதையோ வைத்துத் தரம் பிரிப்பான். பிலிம் ரோல் வருகிற அட்டை டப்பாவின் நிறத்தை வைத்து மொத்த ஊரையும் மூன்றாகப் பிரித்த ஒரே ஆள், இந்தப் பூமியிலேயே எங்கள் முத்தியால்பேட்டை முசியேதான். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ. சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனதில் அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, ‘நோன்’. ‘கிடையாது’ என்று அர்த்தம். அதை மட்டும் வைத்துக்கொண்டே, பிரெஞ்சுக்காரர்கள் ‘ஐயா’ என்பதற்குச் சொல்கிற முசியே ஆகிவிட்டார். எது கேட்டாலும் முதலில் நோன்தான், அப்புறம்தான் என்ன கேட்டோம் என்று விசாரிப்பார்.

கலர் ரோல் அப்போது லேசில் கிடைக்காது. பிரான்சிலிருந்து லீவில் வருகிறவர்கள் சென்ட் பாட்டிலோடு அவருக்கு ரோலும் கொண்டுவருவார்கள். மஞ்சள் டப்பா, பச்சை டப்பா, ஆரஞ்சு டப்பா. ஒவ்வொன்றும் ஒரே முகத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும் என்பது அவர் கட்சி.

“மஞ்ச டப்பா பட்டுப்பொடவைக்குன்னே பொறந்தது. பச்ச டப்பாவுல எல வாழும், மனுஷன் வாழ மாட்டான். ஆரஞ்சுதான் நம்மாளு. மண்ணு கலரை மண்ணு கலராவே சொல்லும். கூட்டாது, கொறைக்காது” என்பார்.

எதிரே வருகிறவரை சௌக்கியமா என்று கேட்கிற பழக்கமே இல்லை. முகத்தை உற்றுப் பார்த்து, “நீங்க பச்ச டப்பா. மரத்தடியில நின்னா எடுக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவை ஸ்கூல் ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். பாவம், அது பாராட்டா வசவா என்று புரியாமல் அந்த மனுஷன் ரொம்ப நாள் தவித்தார்.

வெயில் காலத்தில் ரோல் கெட்டுப்போகுமே என்று அவருக்கு ஒரே கவலை. எங்கள் தெருவில் பிரிட்ஜ் இருந்த இடம் ஒன்றுதான், பிராந்திக் கடை. கடைக்காரரிடம் சொல்லி, பீர் பாட்டில்களுக்கு நடுவே ரோல்களை அடுக்கி வைத்துவிட்டார். காலையில் கடை திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார், பொழுது சாய்ந்தால் திரும்பவும் போவார். ஒரு சொட்டு தொட்டவரில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? மொடாக்குடியன் என்று பேராகிவிட்டது. அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு நடுத்தெருவில் கத்தினது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. “பேருதான் வாங்கியாச்சு, குடிச்சாவது தொலைங்களேன்!”

பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தில் ஒரு கல்யாணம். திறந்த பந்தல். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம் முழங்குகிறது. நம்ம முசியே கேமராவைத் தூக்கிக்கொண்டு, “நோன்! நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினாரே பார்க்கலாம். மேளம் நின்றது. மாப்பிள்ளைக்கு முதல் பெண்டாட்டி யாராவது வந்துவிட்டாளா என்று பெண்ணின் தகப்பனார் வாசலைப் பார்த்தபடியே மயங்கி விழுந்தார். கடைசியில் விஷயம் என்னவென்றால், சூரியனை ஒரு மேகம் மறைத்துவிட்டது. “அது நவுரட்டும். அவசரப்பட்டா பொண்ணு நீலமா வந்துடும்” என்றார். வலை இழுக்கிற கைகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. அன்றைக்கு அவர் உயிரோடு திரும்பியது அந்தக் கடலம்மன் புண்ணியம்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் கல்யாணப் பேச்சு போய் மாட்டியது.

நான் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று தரகர்கள் சுற்றி வளைப்பார்களே, அந்த ஜோலியே இல்லாத நல்ல கறுப்பு. மில் வேலைக்குப் போய்வந்த அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. அம்மாவுக்கு அதுவேதான் கவலை. அந்த நேரத்தில் தூரத்து அத்தை ஒருத்தி பாரீஸ் மாப்பிள்ளை ஒருவரைப் பற்றிச் சொன்னாள். கலர் போட்டோ கேட்கிறார்கள் என்றாள். கறுப்பு வெள்ளை என்றால் நெகட்டிவில் பென்சிலால் தேய்த்து யாரையும் வெளுப்பாக்கிவிடலாம். கலரில் அது நடக்காதே! அம்மா என் முகத்தில் பவுடரைக் கொட்டி, அப்படியே ஸ்டூடியோவுக்கு இழுத்துப்போனாள்.

முசியே என்னைப் பார்த்தார். ஈரத்துண்டை நீட்டினார்.

“மொகத்தைத் தொடச்சிட்டு வா பாப்பா.”

“அண்ணே, கொஞ்சம் செவப்பா வர்ற மாதிரி எடுங்கண்ணே” என்று அம்மா கெஞ்சினாள்.

“நோன். செவப்பு வேணும்னா ரெண்டு தக்காளி எடுத்துட்டு வா, எடுத்துத் தரேன். இது ஆரஞ்சு டப்பா மொகம்.”

ஜன்னலோரம் உட்காரவைத்தார். வெளிச்சம் சரியாக விழும்வரை காத்திருந்து எடுத்தார். ரோல் மெட்ராசுக்குப் போய்க் கழுவி, பிரிண்டாகித் திரும்பி வந்தது. வாங்கிப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது, எண்ணெய் பூசிய தேக்கு மாதிரி. கன்னத்தில் வெளிச்சம் வழிந்தது. அட, நான் அழகாகத்தான் இருக்கிறேன் என்று முதல் தடவையாகத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

வேறு படம் எடுக்க நேரமில்லாமல் அதையே அனுப்பினோம். திரும்பி வந்துவிட்டது. “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, கலருதான் கொஞ்சம்...” என்று இழுத்தாள் அத்தை. அம்மா போட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“உங்க டப்பாவால எம்பொண்ணு வாழ்க்கையே போச்சுண்ணே!”

முசியே படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தாங்களாம்?” என்றார்.

“என்னது?”

“குண்டு பல்புல வெச்சுப் பார்த்திருப்பாங்க தங்கச்சி. அங்க பனிக்காலம், வெயில் ஏது? வெயில் வந்ததும் ஜன்னல்கிட்ட வெச்சுப் பாக்கச் சொல்லு.”

கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் வேண்டாம் என்பார் என்பதே அவர் புத்திக்கு எட்டவில்லை. அதுவரை அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் பாட்டுக்கு வாசல் ஷோகேசைத் திறந்து, படத்தை நடுவில் மாட்டினார்.

“கன்னிப்பொண்ணு படத்தைத் தெருவுல மாட்டறீங்களே, கழட்டுங்க!”

“பாப்பா சொல்லட்டும், கழட்டறேன்.”

“இருக்கட்டும்” என்றேன். அம்மா கிள்ளிய இடம் ரொம்ப நாள் கன்றிப்போய் இருந்தது.

அந்த ஷோகேஸ் மேற்கு பார்த்தது. சாயங்கால வெயில் அதன்மேல்தான் காயும். மாதங்கள் போகப் போக, படத்தில் மற்ற நிறமெல்லாம் வெளுத்து, சிவப்பு மட்டும் தூக்கலாக நின்றது. தெருவே அம்மாவைப் பிடித்துக்கொண்டது. “உம்பொண்ணு என்னமா செவந்துட்டா! போய்ப் பாரேன்.” அதுவரை அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போன அம்மா, என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“அண்ணே, நான்தான் அவசரப்பட்டுட்டேன். இதைக் குடுங்க, வேற எடத்துக்குக் காட்டணும்.”

முசியே வெளியே வந்து பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“ஐயையோ, வெயில் தின்னுடுச்சே! நான் கவனிக்கலியே!” படத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். “நோன். இது யாரோ. இதைக் காட்டி எங்கியும் குடுக்காத தங்கச்சி. வர்றவன் இவளைத் தேடுவான், பாப்பாவைப் பாக்க மாட்டான்.”

அம்மா பேசாத பேச்சில்லை. அவர் அசையவில்லை. நெகட்டிவை மறுபடி மெட்ராசுக்கு அனுப்பி, புதுப் பிரிண்ட் வரவழைத்து அதே இடத்தில் மாட்டினார். அதுவும் சிவந்தது. அதையும் மாற்றினார். நான் கல்யாணமாகிப் போகிறவரை மாற்றிக்கொண்டே இருந்தார். என்னைக் கட்டிக்கொண்டவர் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் போட்டோ எதுவும் கேட்கவில்லை, நேரில் வந்து பார்த்தார்.

முசியே போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஊரே நான் எப்போது வெளுப்பேன் என்று காத்திருந்தபோது, ஐயோ வெளுத்துவிட்டாளே என்று பதறிய ஒரே மனுஷன் அவர்தான்.