உணர்வது இருபத்தொன்பது

தன் கழுத்தைக் காப்பாற்ற வாயில்லாத நடுவர் ஒருவர்தான் வேண்டும் என்று கிராம் சார் முடிவு செய்தார். வாயுள்ளவர்களை அவர் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரரிடம் ஒருமுறை நியாயம் கேட்டார். அவர் முதலில் தம் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு கிராம் சாரின் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அக்கா சொல்வதில் தவறில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழக்கு மின்விசிறியைப் பற்றியது.

கடைகளில் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது கிராம் சாரின் வேலை. ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் கடைவீதி வைத்த பெயர் அது. நாளடைவில் அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது. அவர் தெருமுனையில் திரும்பினால் பத்துக் கடைகளில் தராசுத் தட்டைத் துடைப்பார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் மின்விசிறி ஐந்தில் சுழன்றுகொண்டிருக்கும். அதன் கீழே அவர் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பார். வெட்டிய துணிகள் பறக்காமலிருக்க, கணவர் கழித்துப்போட்ட பழைய எடைக்கற்கள் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும்.

மூன்று வாரமாகக் கிராம் சாருக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால், பீரோவை நகர்த்துவது போல முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. காற்று நேரே படக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உள்ளறைக்குப் போய்விடலாம்தான். ஆனால் அங்கே கட்டில் முழுக்கத் தைக்க வந்த துணிகள் படுத்திருந்தன. அவற்றை எழுப்பும் தைரியம் அவருக்கு இல்லை.

மனைவியின் பக்கமும் நியாயம் இருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் கூலியும் போகும், பேரும் போகும் என்றார். குளிருகிறது என்று இவர் சொல்வார், வேர்க்கிறது என்று அவர் சொல்வார். அதற்கு மேல் வழக்கு நகராது. குளிரும் வேர்வையும் வெறும் பேச்சு, எண் வேண்டும் என்று கிராம் சாருக்குப் பட்டது.

எண் போனில், வானிலைப் பக்கத்தில் வெப்பநிலையாக இருந்தது. ஒன்பது நாள், மாலை ஏழு மணிக்குக் குளியலறைக்குள் நின்று ரகசியமாகப் பார்த்தார். ஒரு நாளும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பத்தாம் நாள் துணிந்து பேச்சை எடுத்தார். இருபத்தாறோ அதற்கு மேலோ இருந்தால் விசிறி ஐந்தில் ஓடட்டும். அதற்குக் கீழே இருந்தால் நிற்கட்டும். தினமும் ஏழு மணிக்குப் பார்ப்பது, அதுவே அன்றைய தீர்ப்பு.

மனைவி ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"போன்ல என்ன போட்டிருக்கோ அதுதான். நடுவுல நீங்களும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படித்தாம்மா."

"உங்க போனைத் திறந்து தேடிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல. பூட்டியிருக்கும்போதே தெரியணும். எட்டிப் பார்த்தா போதும்னு இருக்கணும்."

இவ்வளவு சீக்கிரம் அவர் ஒத்துக்கொண்டது கிராம் சாருக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். தரவில்லை. 'திரையில் காட்டும் அளவே இறுதியானது' என்று ஒரு தாளில் எழுதினார். இருவரும் கையெழுத்திட்டார்கள். தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறியது.

பூட்டுத் திரையில் வானிலையை ஏற்றுவது தராசுக்கு முத்திரை வைப்பது போல அல்ல. திரையை அழுத்திப் பிடித்தார். கடிகாரம் பெரிதானது. மறுபடி அழுத்தினார். திரையிலிருந்த கல்யாணப் படம் போய் ஒரு பூனைக்குட்டி வந்தது. மூன்றாம் முறை ஒரு பட்டியல் விரிந்தது, அதில் வானிலையைத் தொட்டார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நான் தெரிந்துகொள்ளலாமா என்று போன் பணிவாகக் கேட்டது. எப்போதும், பயன்படுத்தும்போது மட்டும், ஒருபோதும் வேண்டாம். அந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு என்று இருபது வருட இல்லற வாழ்க்கையில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பழக்க தோஷத்தில் 'எப்போதும்' என்பதைத் தொட்டார்.

கல்யாணப் படம் திரும்பி வரவேயில்லை. ஆனால் கடிகாரத்துக்குக் கீழே ஒரு மேகமும், பக்கத்தில் 24° என்பதும் வந்துவிட்டன.

மணி ஏழு. போனை மனைவியின் மிஷின் மேல் வைத்துவிட்டு, வென்றவருக்குரிய நிதானத்தோடு சுவிட்சுப் பக்கம் நடந்தார்.

"அதுக்குக் கீழ சின்னதா என்னமோ போட்டிருக்கே. அதையும் படிங்க."

திரும்பி வந்து படித்தார். உணர்வது 29° என்றிருந்தது. ஒன்பது நாளும் பெரிய எண்ணைப் பார்த்ததில், அந்தச் சின்ன வரி அவர் கண்ணில் பட்டதே இல்லை.

"இது அளவு இல்லம்மா. சும்மா ஒரு அபிப்பிராயம்."

"காட்டுதுல்ல?"

"காட்டுது. அதுக்காக? கடையில ஒரு கிலோன்னா ஒரு கிலோதான். தூக்கறவனுக்கு ஒன்றரைன்னு தோணினா, ஒன்றரைக்கா நான் முத்திரை வைப்பேன்?"

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"முப்பத்திநாலு அளவெடுத்து முப்பத்திநாலாவே வெட்டினா, போட்டுக்கறவ மூச்சு விட முடியாது. ரெண்டு கூட்டி வெட்டணும். அளவு டேப்புக்கு, மிச்சம் உடம்புக்கு. உங்க போனுக்குத் தையல் தெரிஞ்சிருக்கு."

கிராம் சார் போய்த் தாளைப் படித்தார். 'காட்டும் அளவு' என்றிருந்தது. எந்த அளவு என்று எழுதவில்லை. கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

அடுத்த ஆறு நாளும் மூட்டம், புழுக்கம். 25 என்றால் உணர்வது 30. கழுத்து மோசமாகி, இப்போது அண்ணாந்தும் பார்க்க முடியவில்லை. கீழ்வரியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டலாமா என்று யோசித்தார். தராசின் முகப்பில் காகிதம் ஒட்டிய கடைக்காரர் ஒருவருக்குப் போன மாதம்தான் அபராதம் போட்டிருந்தார். மனம் வரவில்லை.

ஏழாம் நாள் வானம் வெளுத்தது. காலையிலிருந்து வறண்ட காற்று சுழற்றி அடித்தது. தெருப் புழுதி உள்ளே வருகிறதென்று மனைவி எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டார். ஏழு மணிக்குக் கிராம் சார் போனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். 27°, உணர்வது 24°.

நேரே போய் ரெகுலேட்டரை ஐந்திலிருந்து பூஜ்யம் வரை, டக் டக்கென்று ஐந்து முறை திருகி, விசிறியை நிறுத்தினார். பிறகுதான் பேசினார்.

"உன் நியாயப்படியே போவோம். டேப்புக்கு இருபத்தேழு. உடம்புக்கு இருபத்திநாலு."

மிஷின் நின்றது. மனைவி போனை வாங்கி இரண்டு வரிகளையும் படித்தார். வாதம் எதுவும் செய்யவில்லை. கழுத்துக்குள் ஏதோ இளகுவதைக் கிராம் சார் உணர்ந்தார்.

"எதுக்கு மூணு குறைச்சுப் போட்டிருக்கான்?" என்று மனைவி கேட்டார். தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"காத்து அடிக்குதுல்ல, அதான்."

"எங்க அடிக்குது?"

"வெளிய."

அந்த வார்த்தை வாயைவிட்டுப் போனதுமே கிராம் சாருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப, காத்து பட்டாதான் இருபத்திநாலு. இங்க காத்து எங்க இருக்கு?"

ஜன்னலைத் திறக்கலாம் என்றார் கிராம் சார். மனைவி மேஜை மேல் விரித்திருந்த எட்டு மீட்டர் வெள்ளைத் துணியைக் காட்டினார். பிறகு போனை அவர் கையில் கொடுத்து, காற்று எவ்வளவு என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள் என்றார். போட்டிருந்தது. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.

"அவ்வளவு காத்து வரணும்னா விசிறியை எத்தனையில வைக்கணும்? நீங்களே சொல்லுங்க. அளவு விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

மூன்று என்று சொல்லலாமா என்று பார்த்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"அஞ்சுல," என்றார்.

மனைவி தலையசைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணியை ஊசிக்கடியில் தள்ளினார். கிராம் சார் துண்டைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு போனார். சுவரைப் பார்த்து நின்று, ரெகுலேட்டரை மெல்லத் திருகினார். ஓசைப்படாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு டக்குதான் கேட்டுச்சு," என்றார் மனைவி.