கோதுமை உருண்டையும் என் எருமையும்

ஸ்ரீவைகுண்டம்,
12 மார்ச் 1959.
எழுதுகிறவளுக்கு இன்று எழுபத்துமூன்று வயது, இரண்டு மாதம், பதினொரு நாள்.

மதிப்பிற்குரிய டாக்டர் வைத்தியநாதன் அவர்களுக்கு, கொல்லைச் சுவருக்கு அடுத்த வீட்டு யூனிஸ் டீச்சர் எழுதிக்கொள்வது. நானும் என் பல் செட்டும் சௌக்கியம்.

வாரப் பத்திரிகையில் நீர் எழுதிய ‘மகப்பேறும் வைட்டமின் ஈயும்’ கட்டுரையை இருமுறை வாசித்தேன். அந்தச் சத்து இல்லாத எலிக்குக் கரு தங்காது என்பதுவரை சரி. ஆணெலிக்கும் அது குறைந்தால் மலட்டுத்தனம் வரும் என்பதை விட்டுவிட்டீர். ஆண்கள் எழுதும் கட்டுரையில் ஆணெலி எப்போதும் வெளியூர் போயிருக்கும். பிறகு எலியிலிருந்து மனுஷிக்கு ஒரே தாவாகத் தாவி, “1912-இல் என் தாயார் கோமு முளைகட்டிய கோதுமை உண்டார், மறுவருஷம் நான் பிறந்தேன், நானே சாட்சி” என்று முடித்திருக்கிறீர். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லை என்று உம் பாட்டி பாலாம்பாள் நாங்குநேரியில் வேறொரு பெண்ணைப் பார்த்துவைத்துவிட்டு, “தை பொறக்கறதுக்குள்ள உண்டாகல்லேன்னா சுப்பராமனுக்கு ரெண்டாம் கல்யாணம்டீ” என்று கோமுவுக்குக் கெடு வைத்தாள். பேட்டை வைத்தியர் சொன்னபடி முளைக்கோதுமையை அரைத்து விளக்கெண்ணெயில் உருட்டித் தினமும் கொடுத்தாள். கோமு அதில் ஒரு மணிகூடத் தின்னவில்லை. அத்தனையும் மடியில் மறைந்து சுவரேறி என் எருமைக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருஷமாகச் சினை பிடிக்காமல் விற்கவிருந்த எருமை! ஆவணியில் பால்காரி சந்தனமாரி ஓடிவந்தாள்: “டீச்சரம்மா, என்னத்தக் குடுத்திய? எரும செனையால்லா நிக்கி!” ஆகவே, சாட்சி வேண்டுமானால் அதைக் கூப்பிடும்.

எருமைக்குப் பத்தியம் இல்லை, கோமுவுக்கு இருந்தது. புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, புருஷன் ஆகாது. நாற்பத்தெட்டு நாளும் அவள் படுக்கை உம் பாட்டியின் பக்கத்தில், உம் தகப்பனார் படுக்கை வாசல் அறையில். மண்டலம் முடிந்த மறுநாளே, “உண்டாகல்லியே!” என்று பாட்டி அடுத்ததைத் தொடங்குவாள்.

“ஏம்மா, நடுவிலே ஒரு நாளாவது...”

“வாயை மூடுடா. நோக்கு வைத்தியம் தெரியுமோ?”

ஐந்தாம் மண்டலத்தில் கோமு முழுகாமல் இருந்தாள். பத்தியம் பலித்ததென்று தெருவே கொண்டாடியது. எப்படிப் பலித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் விளக்கம் தெரியாது.

உம் நோயாளிகளுக்கு ஆயுசையும் உமக்கு நிதானத்தையும் கர்த்தர் தருவாராக.

யூனிஸ் இஸ்ரவேல், பி.ஏ.

பி.கு.: வைத்தி, விளக்கம் தெரியாது என்றது பொய். உன் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் சொல்கிறேன். என் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராயிருந்த உன் அப்பா, சனிக்கிழமை மத்தியானங்களில் பரீட்சைத் தாள் திருத்த என் வீட்டுக்கு வருவார். ஆற்றுக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோமு பின்வாசலால் வருவாள். நான் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு எருமைக்குப் புல் பார்க்கப் போய்விடுவேன். கிறிஸ்தவள் வீட்டில் கால் வைத்தால் தீட்டு என்பதால் உன் பாட்டி ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. கோமு திரும்பும்போது நிஜமாகவே ஆற்றில் முழுகிவிட்டுத்தான் போவாள். நீ தேடும் வைட்டமின் இன்னும் என்னிடம் இருக்கிறது: இரும்பு, மூன்றங்குலச் சாவி. அடுத்த கட்டுரைக்கு வேண்டுமானால் தபாலில் அனுப்புகிறேன்.