வெள்ளத்துரை அனுப்பிய பச்சை விறகு

சனிக்கிழமை மத்தியானம் சூடான சோறு கிடைக்காத புருஷன் எதற்கும் துணிவான். பந்தல்குடி விறகுக்கடை வெள்ளத்துரையும் துணிந்துவிட்டார். பெண்டாட்டி நடத்தும் சிறுவர் சமையல் சங்கத்தை இழுத்து மூடுவது என்று முடிவு கட்டினார். அதுவும் அவள் வாயாலேயே "போதும்டா சாமி" என்று சொல்ல வைத்து மூடவேண்டும்.

சங்கத்தை ஆரம்பித்தவர் வேதக்கோயில் பாஸ்டரய்யா. தாய் தகப்பன் அருப்புக்கோட்டைக்குத் தறி வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் லீவு நாளில் பழைய சோற்றுப் பானையைச் சுற்றி வருவதை அவரால் பார்க்க முடியவில்லை. கைமணத்துக்குப் பேர் போன வெள்ளத்துரை பெண்டாட்டி தங்கச்செல்வியிடம் வந்தார். "இதுக நாலு சமையல் கத்துக்கிட்டா, தானா பொங்கித் தின்னுக்கிடும்லம்மா" என்றார். எந்தச் சாதி, எந்தச் சாமி என்ற கேள்வியே இல்லை. சனிக்கிழமைதோறும் ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள்.

அப்போதே தங்கச்செல்வி புருஷனிடம் கேட்டாள்.

"நம்ம வீட்டுப் பின்னாடி தகரக் கொட்டக சும்மாத்தான கெடக்கு. அங்க வச்சுக்கிடவா?"

"சும்மாவா கெடக்கு? அதுல நான்ல கெடக்கேன்."

அது நிஜம். சனிக்கிழமைக் கறிக்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, அந்தக் கொட்டகைக் கயிற்றுக் கட்டிலில் பொழுது சாயும்வரை கிடப்பதற்காகவே அவர் மற்ற நாளெல்லாம் உழைத்தார். அதனால் சங்கம் கோயிலின் பின்புறத்துக்குப் போனது. தங்கச்செல்வியும் போனாள். அவளோடு கறிக்குழம்பும் போய்விட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் மூடிவைத்த சோறு, ஆறிப்போன ரசம், பேச்சுத்துணைக்கு அடுத்த வீட்டுப் பூனை. சோறு ஆறியதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து "இன்னுங் கொஞ்சம் வச்சுக்கோங்க" என்று சொல்ல ஆளில்லாததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் மீசைக்கு என்ன மரியாதை?

சங்கத்துக்கு வாராவாரம் விறகு அவர் கடைக் காணிக்கை. யோசனை அங்கேதான் பிறந்தது. லோடு ஏற்றும் சங்கையாவைக் கூப்பிட்டார்.

"ஏலே, கோயிலுக்கு இந்த வாரம் நேத்து வெட்டுன கருவேலத்த ஏத்து."

"மொதலாளி, அது பச்சையால்ல இருக்கு. ஊதி ஊதி அம்மாவுக்கு வாயி கோணிப்போகும்."

வெள்ளத்துரை கொஞ்சம் யோசித்தார். "கோணுனா பேச்சும் கொறையும். ஏத்து."

சனிக்கிழமை கோயில் பக்கமிருந்து எழுந்த புகையைக் கண்டு தூத்துக்குடி லாரி ஒன்று நின்றேவிட்டது. "எங்கண்ணே தீப்பிடிச்சிருக்கு?" என்று டிரைவர் இறங்கி ஓடிவந்தார். வெள்ளத்துரை அவருக்கு ஆனந்தமாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் தங்கச்செல்வி இருமிக்கொண்டே வந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது. வெள்ளத்துரைக்கு ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. கறிக்குழம்பை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டார்.

"என்ன செல்வி, வெறகு சரியில்லையோ?"

"ஒங்க வெறகுக்கு என்ன கொற? மழையில நனைஞ்சிருக்கும்."

பந்தல்குடியில் மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வெள்ளத்துரை அந்த இடத்திலேயே சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

"ரொம்பச் செரமம்னா விட்ரு. ஒன் ஒடம்புதான முக்கியம்."

"நானும் அதத்தான் பாஸ்டரய்யாகிட்டச் சொல்லப் போறேன்."

மறுநாள் ஆராதனைக்கு அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டரய்யா கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"நம்ம பிள்ளைங்க புகையில படுற பாட்டைக் கேட்டு, சகோதரர் வெள்ளத்துரை மனசு இளகிப்போச்சு. தன் வீட்டுக் கொட்டகையையே சமையல் சங்கத்துக்குக் கொடுத்துட்டார். பிள்ளைங்க கஷ்டப்படும்போது நான் கட்டில்ல படுக்கலாமான்னு அழுதாராம்."

சபையே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் தங்கச்செல்வி முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தாள். கோயிலில் வைத்துச் சொன்ன சொல்லை மறுக்க முடியுமா? வெள்ளத்துரை எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "நான் எப்ப அழுதேன்?"

"என் ஒடம்பு முக்கியம்னு சொன்னீகள்ல? சொல்லும்போது ஒங்க கண்ணு கலங்குச்சே. நான் பாத்தேன்."

அடுத்த சனிக்கிழமை கயிற்றுக் கட்டில் சுவரோரம் நிமிர்ந்து நின்றது. கொட்டகை முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தன் வெங்காயம் உரித்தான், ஒருத்தி அம்மியில் ஏறி உட்காராத குறையாக மசாலா அரைத்தாள். சொந்த வீடாயிற்றே, அதனால் வெள்ளத்துரை பொறுக்கியெடுத்த காய்ந்த விறகைத்தான் அனுப்பியிருந்தார். கொதித்தது சாட்சாத் கறிக்குழம்பு.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளோடு இலையில் உட்கார்ந்தார். முதல் வாயிலேயே முகம் இறங்கிவிட்டது. பக்கத்தில் தங்கச்செல்வி இருந்தாள். சோற்றில் ஆவி பறந்தது. "மாமா, இன்னுங் கொஞ்சம் வச்சுக்கோங்க" என்று ஆளாளுக்கு அள்ளி வைத்தார்கள். ஒருத்தர் சொல்ல ஏங்கிக் கிடந்தவருக்கு ஒரு கூட்டமே சொன்னது. கண் நிஜமாகவே கலங்கிவிட்டது.

கரண்டி பிடித்திருந்த ஜோதி என்ற சிறுமி கேட்டாள்.

"மாமா, இங்க மட்டும் வெறகு எப்பிடி நல்லா எரியுது?"

"காஞ்ச வெறகு தாயி. அதான்."

"கோயில்லயும் காஞ்ச வெறகு கெடந்துச்சே, முந்தின வாரத்து மிச்சம். அத்தைதான் அதச் சாக்குப் போட்டு மூடுனாக. மாமா ஆசையா அனுப்புன வெறக எரிங்க, கடை வரைக்கும் பொக தெரியட்டும்னாக."

வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. வெள்ளத்துரை மெதுவாகத் திரும்பினார். பக்கத்து இலை மடித்திருந்தது. எதிர் இலைகளும் மடித்திருந்தன. பிள்ளைகள் எல்லாம் கை கழுவிவிட்டு, வரிசையாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன எல்லாரும் அதுக்குள்ள எந்திருச்சிட்டீக?"

"சங்கத்துச் சட்டம் மாமா," என்றாள் ஜோதி. "கடைசியா எந்திரிக்கிறவுகதான் எல்லாப் பாத்திரமும் வெளக்கணும்."

தங்கச்செல்வி அடுப்பிலிருந்து ஒரு கை சாம்பலை அள்ளித் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒங்க கடை வெறகுச் சாம்பல்தான். நல்லாத் தேய்க்க வரும்."