மாமனாருக்குப் புழுங்குகிறது

“இன்னும் புழுங்குது மாப்பிள்ளை” என்றார் மாமனார், செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே.

மாப்பிள்ளை சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தான். வெளியே வெயிலுக்குப் பயந்து காக்கைகள்கூட நிழலில் நடந்துதான் போய்க்கொண்டிருந்தன.

“இருபத்தாறு டிகிரிதான் காட்டுது மாமா.”

“மீட்டர் உங்க கம்பெனியோடது. உடம்பு என்னோடது.”

மண்ணுக்குள் குழாய் இறக்கி வீட்டைக் குளிரவைப்பது மாப்பிள்ளையின் புதுத்தொழில். வீட்டுச் சூட்டைக் குழாய்த் தண்ணீர் சுமந்துபோய்ப் பூமிக்குள் இறக்கிவிட்டு வரும். குளிர்காலத்தில் பூமியின் சூட்டை வீட்டுக்குத் தூக்கிவரும். ஒரு வாடிக்கையாளரும் சிக்காததால் மாமனார் வீட்டிலேயே கைவைத்துவிட்டான். அவரோ கழற்றிய பழைய ஏசியைப் பெற்ற பிள்ளைபோல் போர்த்திப் பரணில் வைத்திருந்தார்.

“மாசக் கடைசிக்குள்ள என் வாயால ‘குளிருது’ன்னு வந்தா, என் சிநேகிதங்க பத்துப் பேர் வீட்டுக்கும் நானே சொல்லி விடுறேன். வரலைன்னா குழாயைப் பிடுங்கிட்டுப் போயிடணும்.”

இதுதான் பேச்சு. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்து நாலுக்கு இறக்கினான். மறுவாரம் மாமனார் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

“மண்ணு காஞ்சு கிடக்கு மாமா. நனைச்சா சூட்டை நல்லா இழுக்கும்.”

மூன்று நாள் இடைவிடாமல் தண்ணீர் விட்டான். தோட்டம் சேறாகித் தபால்காரரின் ஒரு செருப்பை விழுங்கியது. வீடு இருபத்திரண்டுக்கு இறங்கியது. மாமனாரின் முதுகு தெப்பலாக நனைந்தது.

“உங்கப்பா உடம்பு ஏறிக்கிட்டே போகுது. அதான் வேர்க்குது” என்று மனைவியிடம் முணுமுணுத்தான்.

“எங்கப்பா சாப்பாட்டுல கண்ணு வைக்காதீங்க. ஒரு ஹாலைக் குளிரவைக்கத் துப்பில்ல.”

ஆனால் மாமனார் பீப்பாயாகிவிட்டது உண்மை. சட்டைப் பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. மாமியாரோ அறையை விட்டு வருவதே இல்லை. கையில் எந்நேரமும் பின்னல் ஊசி. பேரப்பிள்ளைக்கு இப்போதே அவசரம் போலிருக்கிறது என்று அவனுக்கு அது வேறு கூச்சம்.

விடுவானா? போர் வண்டியை வரவழைத்து இன்னொரு முந்நூறு அடி துளைத்தான். அந்த அதிர்வில் மதில் சுவர் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. போனால் போகட்டும். மீட்டர் பதினெட்டைத் தொட்டது. ஈக்கள் பறப்பதை மறந்து சுவரோடு ஒட்டிக்கொண்டன. மாப்பிள்ளையின் பற்களே தட்டச்சு அடித்தன.

மாதக் கடைசி நாள் வந்தது.

“இப்பவாவது குளிருதா மாமா?”

மாமனாரால் கையை மடக்கக்கூட முடியவில்லை. நீட்டிய கையாலேயே விசிறிக்கொண்டார். காதோரம் வியர்வை வழிந்தது.

“புழுங்குது” என்றார்.

மாப்பிள்ளை மூச்சை இழுத்துவிட்டுப் பதினாறுக்கு இறக்கப் பொத்தானில் விரலை வைத்தான். அறைக்கதவு படாரென்று திறந்தது. ஊசியும் கையுமாக மாமியார்.

“அதைத் தொடாதீங்க மாப்பிள்ளை. நீங்க குறைக்கிறப்பெல்லாம் இவருக்குச் சட்டைக்குள்ள போட்டுக்க ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்துட்டிருக்கேன். நாலாவதுக்கு வீட்டுல நூல் இல்லை.”