உஷ் சார் வகுப்பில் தூங்கலாம்

வாத்தியார் வேலைக்குப் படித்தவர்களிலேயே, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பாக்கி உலகம் முழுவதையும் பார்த்து ‘உஷ்’ சொன்ன ஒரே மனிதர் எங்கள் உஷ் சார்தான். காக்காயைப் பார்த்துச் சொல்லுவார். கிறீச்சிடும் கதவைப் பார்த்துச் சொல்லுவார். ஒரு தடவை தலைமையாசிரியரின் தும்மலைப் பார்த்தே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசி. பி.எட். படித்துக்கொண்டிருந்த எங்களைக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். காமயகவுண்டன்பட்டிப் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளி. நாங்கள் கம்பத்தில் தங்கியிருந்தோம். உஷ் சார் மட்டும் சொந்த ஊரான அனுமந்தன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். நிறுத்தம் வந்ததும் “இறக்கம்” என்பார். அது அவர் காதுக்கே எட்டியிருக்குமா என்பது சந்தேகம். கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து திராட்சைப் பந்தல் பந்தலாகப் புகுந்து, பனியில் நனைந்த வேட்டியும் கையில் செருப்புமாக, ஏதோ கனவிலிருந்து நடந்து வருகிறவர் மாதிரி வந்து சேருவார்.

என் கதை நேர் எதிர். நான் போடி பஜாரில் பலசரக்குக் கடைக்காரர் மகள். கடையில் நின்று “பருப்பு எடுத்துட்டு வா” என்றால் குடோனில் எலி ஓடும். வந்த இரண்டாம் நாளே பிள்ளைகள் எனக்கு ‘குழாய் டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கிக் குழாயைச் சொல்கிறார்கள், வேறென்ன.

உஷ் சாருக்கு அது இரண்டாவது முயற்சி. போன வருஷம் செய்முறைத் தேர்வில் ‘குரல் போதாது’ என்று எழுதி அவரைக் கவிழ்த்துவிட்டார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்த தாய்மாமா கெடு வைத்துவிட்டார்: “இந்தத் தடவையும் கோட்ட விட்டேன்னா, பேசாம வந்து ஏலத்த ஏலங் கூவு!” பேசாமல் வந்து எப்படிக் கூவுவது என்பதுதான் உஷ் சாரின் கவலை.

கல்லூரியில் ‘கல்வியில் சமவாய்ப்பு’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். உஷ் சார் எழுதியது ஒரே வரி: ‘முதலில் சமமான தூக்கம். மற்றதெல்லாம் பிறகு.’ பேராசிரியர் அதை உரக்கப் படித்தார். வகுப்பே சிரித்தது. நான் சிரித்தது வாட்ச்மேன் வரைக்கும் கேட்டதாம்.

அந்த வரிக்கு அர்த்தம் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் வெறும் மூங்கில் தட்டி. ஒருநாள் முதல் பீரியடில் நான் பானிப்பட்டுப் போரை நடத்திக்கொண்டிருந்தேன். யானை, குதிரை, பீரங்கி எல்லாம் என் தொண்டையிலிருந்தே வந்தன. வாசலில் உஷ் சார் கும்பிட்டபடி நின்றார்.

“டீச்சர், ஒங்க யானைய செத்த நேரம் அங்கிட்டு நிப்பாட்டுங்க. இங்கன பிள்ளைக முழிச்சுக்கிரும்.”

“என்னா சார் சொல்றீக? வகுப்புல பிள்ளைக தூங்குதுகளா?”

“நல்லாத் தூங்குதுக” என்றார், முகமெல்லாம் பெருமை.

சண்டை போடத்தான் போனேன். போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு. கிட்டத்தட்டப் பாதித் தலைகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. ஜன்னல் வழியாக மலைக்காற்று வந்து அந்தத் தலைமயிர்களைக் கலைத்துக்கொண்டிருந்தது. சாக்பீஸ் கிறீச்சிடாமலிருக்க அதைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்தார் மனிதர். விழித்திருந்த பிள்ளைகள் கழுத்தை முன்னால் நீட்டி, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி அமைதியை நான் பிரம்பை வைத்துக்கொண்டும் வாங்கியதில்லை. எரிச்சலாகவும் இருந்தது, எனக்கும் ஒரு மூலையில் தலை சாய்க்கலாம் போலவும் இருந்தது.

“அந்தா, அவன் பாண்டி” என்று கிசுகிசுத்தார். “பம்புசெட்டுக்கு ராத்திரிதான கரண்டு விடுறான்? அவுக அப்பாகூட நின்னு விடிய விடிய மடை மாத்திட்டு வாறான். இது பேச்சி. அவுக அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்புல இருட்டோட போயிரும். ஒலை வைக்கிறது, தம்பியக் குளிப்பாட்டுறது, எல்லாம் இந்தப் பிள்ளதான். எழுப்பிவிட்டா பாடமா டீச்சர் ஏறும்? எரிச்சல்தான் ஏறும்.”

“அப்ப பாடம்?”

அவர் பாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணனைக் காட்டினார். திராட்சைத் தோட்டத்து முதலாளி மகன். ராத்திரி மெத்தையில் தூங்கியவன். பாண்டி தண்ணீர் பாய்ச்சியது அவன் வீட்டுத் தோட்டத்துக்குத்தான்.

“முதல்நாளே சொல்லிப்புட்டேன். ‘ஏலே, ஒங்க கொடிக்குத்தான அவன் முழிச்சிருந்தான்? இப்ப அவனுக்காக நீ முழிச்சிருந்து கேளு. எந்திரிச்சதும் அவனுக்குச் சொல்லு’ன்னு.”

அதுதான் அந்த வகுப்பின் சட்டம். தூங்குகிற ஒவ்வொரு தலைக்கும் விழித்திருக்கும் ஒரு தலை. மணியடித்ததும் வேப்பமரத்தடியில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பாடம் சொல்லுவார்கள். அதுவரை மக்கு என்று பெயரெடுத்திருந்த கண்ணன் இப்போது மூச்சு விடாமல் பாடம் கேட்டான். ஏனென்று கேட்டதற்கு, “பாண்டி குறுக்க குறுக்க ஏன், எதுக்குன்னு கேப்பான் டீச்சர். தெரியலேன்னா மானம் போயிரும்” என்றான்.

இந்த ஏற்பாட்டுக்கு மசியாத ஒரே ஆள் பியூன்தான். மணியை மெதுவாக அடிக்கச் சொன்னதற்கு, “மணின்னா அடிக்கத்தான் செய்யணும். தடவியா குடுக்க முடியும்?” என்று கேட்டார். நியாயம்தானே.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. மதுரையிலிருந்து வந்த தேர்வாளருக்கு எங்களுக்குள் ‘பெருக்கல்குறி’ என்று பெயர். எதைப் பார்த்தாலும் அதைத்தான் போடுவார். போன வருஷம் உஷ் சாரைக் கவிழ்த்த புண்ணியவானும் அவரே. குரலெடுத்தால் ஊரே நடுங்கும். விடிவதற்கு முன்பே பஸ் ஏறியிருந்தார். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. கடைசி வரிசையில் பாண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சக பயிற்சி மாணவர்களும் பாடத்தைக் கவனிக்க வேண்டும் என்பது விதி. அதனால் நானும் ஓரத்தில் இருந்தேன்.

அன்றைக்கு ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை! எங்க சாருக்குப் பரீட்சை என்று முகத்தை அடித்துக் கழுவிக்கொண்டு, ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாடம் தென்மேற்குப் பருவக்காற்று. உஷ் சார் ஆரம்பித்தார். மேகம் கடலைத் தாண்டி வந்தது. மலை ஏறியது. ஜன்னலுக்கு வெளியே நிஜ மேகம் மலையைத் தடவிக்கொண்டு போனது. அவர் குரலும் அதோடு சேர்ந்து தணிந்து, தணிந்து, தணிந்து... பின்வரிசையில் ஒரு குறட்டை கேட்டது.

பெருக்கல்குறி தூங்கிவிட்டார்.

போச்சு, ஏலக்கடைதான்! எழுந்ததும் கோபத்தில் என்ன போடுவார் என்று சொல்லவா வேண்டும்? ஒரு இருமல் இருமினால் போதும், எழுப்பிவிடலாம். என் இருமல் அப்படி. மூச்சை இழுத்தேன். உஷ் சார் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். “பாவம், ராத்திரி பூரா முழிச்சிருப்பாக” என்று வாயை மட்டும் அசைத்துவிட்டு, இன்னும் குரலைத் தாழ்த்திப் பாடத்தை முடித்தார். அட கிறுக்கு மனுஷா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மணியடித்தது. தேர்வாளர் தூக்கிவாரிப்போட்டு விழித்தார். பாண்டி நாற்காலியருகே போய்க் கைகட்டி நின்றான்.

“சார், நீங்க தூங்குனதுல இருந்து சொல்லவா? இல்ல மொதல்ல இருந்தா?”

“யாருடா தூங்கினது?”

“நீங்கதான் சார். தப்பில்ல சார். எங்க வகுப்புல தூங்கலாம். முழிச்சதும் பக்கத்துல இருக்கவுக சொல்லிருவாக.” அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான். “கடல்ல இருந்து வர்ற மேகம் மலையில முட்டி, மழ பூரா கேரளாப் பக்கமே கொட்டிருது சார். இங்கிட்டு நமக்குக் காத்தும் சாரலுந்தான். அதான் நாம கெணத்துத் தண்ணிய நம்பியிருக்கோம். கெணத்துக்கு மோட்டாரு. மோட்டாருக்குக் கரண்டு. கரண்டு ராத்திரிதான் வரும். அதான் சார் நான் வகுப்புல தூங்குறேன்.”

தேர்வாளர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

“தினமும் நீதான் சொல்லுவியா?”

“இல்ல சார். தினம் நான் தூங்குவேன், கண்ணன் சொல்லுவான். எனக்குச் சொல்றதுக்குன்னு இன்னிக்குத்தான் நீங்க ஒரு ஆளு கெடச்சிருக்கீக.”

அவர் மெல்ல எழுந்தார். தாளில் ஏதோ எழுதினார். உஷ் சார் பக்கத்தில் போய்க் காதோடு காதாக ஏதோ சொன்னார். ஊரையே நடுங்க வைக்கிற அந்தக் குரல் அன்றைக்கு எனக்கே கேட்கவில்லை. உஷ் சாரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், போடி மாமா ஏலம் கூவ வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போக எல்லாரும் கம்பத்தில் ஒரே பஸ் ஏறினோம். அனுமந்தன்பட்டி வந்தது. “இறக்கம்” என்றார் உஷ் சார். பஸ் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“யோவ் கண்டக்டரு! நிப்பாட்டுங்கய்யா! எங்க சார் எறங்கணும்!”

பிரேக் போட்டதில் பஸ்ஸே முன்னால் சாய்ந்தது. உஷ் சார் இறங்கினார். ‘ரொம்ப நன்றி டீச்சர்’ என்று ஏதாவது சொல்லுவார் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். முன்சீட்டில் ஒரு தாயின் மடியில் கிடந்த குழந்தையைக் கண்ணால் காட்டி, உதட்டில் விரலை வைத்தார்.

“உஷ்...”

எத்தனையோ வருஷம் வகுப்பெடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என் தொண்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் எங்கேயாவது ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் மட்டும் அது தானாக இறங்கிவிடும். அது என் குரல் இல்லை, அவருடையது.